சூட்டு வலி என்று சொல்வதற்கு முன்

எட்டாம் மாதத்தில் ஒரு பெண் வயிறு வலிக்கிறது என்றால் பல வீடுகளில் முதலில் வருவது சீரகத் தண்ணீர். "சூட்டு வலிதான், கொஞ்சம் படு" என்பார்கள். பெரும்பாலும் சரியாகியும் விடும். ஆனால் வலி விட்டுவிட்டு வராமல் நிலைத்து நின்று, வயிறு பலகைபோல் இறுகி, குழந்தையின் அசைவும் குறைந்திருந்தால் அதைச் சூட்டு வலி என்று விட்டுவிடாதீர்கள். நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரைவிட்டுப் பிரியத் தொடங்கியிருக்கலாம்.

நஞ்சு பிரிய வேண்டியது குழந்தை பிறந்த பிறகு. முன்பே பிரிந்தால் குழந்தைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும், தாய்க்கு ரத்தம் கொட்டும். ஏறத்தாழ நூறு கர்ப்பங்களில் ஒன்றில் இப்படி நேர்கிறது. மருத்துவர்கள் இதை 'அப்ரப்ஷன்' என்பார்கள்.

இதில் மிகவும் அஞ்ச வேண்டியது வெளியே தெரியாத ரத்தப்போக்கு. நஞ்சுக்கும் கருப்பைக்கும் நடுவே ரத்தம் தேங்கிக்கொண்டே போகும். துணியில் ஒரு சொட்டுகூடப் படாது. "உதிரம் எதுவும் படலையே" என்று வீட்டார் ஆறுதல்பட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு மயக்கம் வரும். இன்னும் தாமதித்தால் ரத்தம் உறையும் தன்மையே போய்விடும். பிறகு எங்கிருந்து வடிந்தாலும் நிறுத்துவது கடினம். ஸ்கேனையும் முழுக்க நம்ப முடியாது, பல நேரங்களில் இந்தப் பிரிவு அதில் தெரிவதில்லை. 'ஸ்கேன் நார்மல்' என்று வீட்டுக்கு அனுப்பினாலும் வலி நிற்கவில்லை என்றால் தயங்காமல் திரும்பிப் போங்கள்.

முக்கியக் காரணம் உயர் ரத்த அழுத்தம். தலைவலி, முகவீக்கம், கண் மங்கல் வந்தால் அடுத்த செக்கப் தேதி வரை பொறுக்க வேண்டாம். பனிக்குடம் முன்பே உடைவது, இரட்டைக் கரு, புகையிலை ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும். வண்டியிலிருந்து விழுந்தவருக்கு வெளிக்காயம் இல்லாவிட்டாலும் சில மணி நேரமாவது மருத்துவமனையில் கண்காணிப்பு தேவை. வயிற்றில் விழுந்த உதையும் விபத்தைப் போன்றதே. அதை 'வழுக்கி விழுந்துட்டேன்' என்று மறைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். செவிலியரிடம் தனியாகவாவது உண்மையைச் சொல்லுங்கள், சிகிச்சைக்கு அது அவசியம். 181 என்ற மகளிர் உதவி எண்ணும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் உங்களுக்காக இருக்கின்றன.

சந்தேகம் வந்ததுமே 108ஐ அழையுங்கள். இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள். உடனே அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள். தாய் சேய் நல அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் கொடுக்கக்கூடிய இரண்டு பேரும் கூடவே போகட்டும். தாய் நெகட்டிவ் ரத்த வகை என்றால் 'ஆன்டி-டி' ஊசி 72 மணி நேரத்துக்குள் தேவையா என்று கேளுங்கள்.

பணம் கட்டினால்தான் தொடுவோம் என்று எந்த மருத்துவமனையும் சொல்லக் கூடாது. அவசர நிலையில் உயிரைக் காப்பது அரசு, தனியார் இரு தரப்பு மருத்துவர்களின் கடமை என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு மருத்துவமனையிலோ, 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி சிசேரியன், மருந்து, ரத்தம், பரிசோதனை, வாகனம் எல்லாமே இலவசம். நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கும் அப்படியே.

குழந்தை தங்காமல் போன வீடுகளில் ஒன்றைப் பலரும் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். 2025 வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டமே இறந்து பிறந்த குழந்தையையும் 'குழந்தை' என்ற வரையறைக்குள் சேர்த்திருந்தது. ஆகவே 'குழந்தைதான் இல்லையே' என்று அந்தத் தாயின் சம்பளத்துடன் கூடிய விடுப்பை நிறுவனம் மறுத்தால் அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். மருத்துவப் பதிவுகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் மருத்துவர்களுக்கான விதி. அவற்றைப் பத்திரப்படுத்துங்கள். ஒருமுறை நஞ்சு பிரிந்தவருக்கு மறுபடியும் பிரியும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம்; அடுத்த முறை நாள் தள்ளிப்போனதுமே அந்தக் காகிதங்களோடு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.