எண்ணெய் அழுத்த உணர்வியை இடம் மாற்றலாமா?

பழைய காரின் எஞ்சினில் திருகியுள்ள எண்ணெய் அழுத்த உணர்வி, ஓயாத அதிர்வால் கழுத்து முறிவதுண்டு. உடனே எண்ணெய் பீறிட்டு வெளியேறும். பேரிங்குகள் தேய்ந்து எஞ்சினே சிக்கி நின்றுவிடும். எச்சரிக்கை விளக்குக்கான சிறு சுவிட்சை நீக்கி, அளவு காட்டும் கனமான உணர்வியைப் பொருத்தினால் ஆபத்து இன்னும் கூடும்.

ஆகவே உணர்வியை வண்டியின் உடற்பகுதியில் பொருத்தி, வளையும் குழாயால் எஞ்சினோடு இணைப்பர். தொலைவினால் அழுத்தம் குறையாதா? குறையாது. குழாயில் எண்ணெய் ஓடுவதில்லை, தேங்கியே நிற்கிறது. தேங்கிய திரவம் அழுத்தத்தைக் குறைவின்றிக் கடத்தும் என்பதே பாஸ்கல் விதி. உணர்வி 30 செ.மீ. உயரத்தில் இருந்தாலும், ச.செ.மீ.க்கு 3 கிலோகிராம் அழுத்தத்தில் ஏறத்தாழ 26 கிராமே குறையும்.

ஒன்றை மறக்கலாகாது. ஒற்றைக் கம்பி உணர்விக்கு எஞ்சினின் உலோகமே மின்சுற்றின் மறுபாதி. ரப்பர் குழாயும் பெயின்ட்டும் அதைத் துண்டித்துவிடும். தனி எர்த் கம்பி இல்லையேல், முள் காட்டுவது பொய்யே!