பெயரை எடு, பெயிண்டை விடு!

ஒரு காரின் பின்பக்கத்தை எப்போதாவது நிதானமாகப் படித்திருக்கிறீர்களா? சிக்னலில் நிற்கும்போது படித்துப் பாருங்கள். நடுவில் கம்பெனி சின்னம். ஒரு பக்கம் காரின் பெயர். மறுபக்கம் எந்த மாடல் என்று சொல்லும் எழுத்துகள். பக்கத்திலேயே என்ஜின் ரகம். போதாக்குறைக்கு, விற்ற ஷோரூம்காரர் தன் பங்குக்கு ஒட்டிய ஒரு பெயர்ப் பலகை. மாதாமாதம் தவணை கட்டுகிற மகராசன் பெயர் மட்டும்தான் எங்கேயும் இருக்காது!

இந்த எழுத்துகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் 'மோனோகிராம்' என்று பெயர். கதவின் குறுக்கே நீளமாக ஓடும் பட்டைக்கு 'பீடிங்'. இவற்றைக் கழற்ற நினைப்பவர்கள் எல்லாரும் அழகுக்காக நினைப்பதில்லை. பாதி பெயர்ந்து தொங்கும் பீடிங்கின் பின்னால் மண்ணும் தண்ணீரும் தேங்கும். உள்ளே ஏற்கெனவே ஒரு கீறல் இருந்தால் துரு குடித்தனம் வந்துவிடும்.

என் மைத்துனன் போன வருஷம் செகண்ட் ஹாண்டில் ஒரு டீசல் கார் வாங்கினான். மூன்று வருஷ லோன். தலைதீபாவளிக்கு மாமனார் வீட்டுக்கு அதில்தான் போவதாக ஏற்பாடு. டிக்கியில் ஏதோ ஒரு வெளியூர் ஷோரூமின் பெயர் பளபளவென்று மின்னியது.

"மாமா, இதைப் பார்த்தாலே யாரோ ஓட்டின வண்டின்னு அவருக்குத் தெரிஞ்சுடும். எடுத்துடறேன்" என்று ஸ்க்ரூ டிரைவரோடு கிளம்பினான்.

"மாப்ளே, அதைக் கீழே வை. முதல்ல கீழ் வீட்டு சார் காரைப் பார்த்துட்டு வரலாம் வா" என்றேன்.

கீழ் வீட்டு சார் பீடிங்கை எடுக்கப் பயன்படுத்திய ஆயுதம், தோசைத் திருப்பி. பீடிங் வந்தது. கூடவே உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்டும் வந்தது. "கதவுக்கு மட்டும் அடிச்சா கலர் சேராது சார். பக்கத்து பேனல் வரைக்கும் இழுத்து அடிக்கணும்" என்றார் பெயிண்டர். மெட்டாலிக் கலரில் அது உண்மைதான். செலவு சில ஆயிரங்கள். அடித்த பிறகும் கம்பெனி பெயிண்ட் கம்பெனி பெயிண்ட்தான். நாளைக்கு விற்கப் போனால், "இந்தக் கதவு ஏன் டச்சப் ஆகியிருக்கு? ஆக்சிடென்ட்டா?" என்று புரோக்கர் ஆரம்பித்துவிடுவார்.

காரின் பெயிண்ட் மொத்தமும் சேர்ந்தே சாதாரணமாக 100 முதல் 150 மைக்ரான் கனம்தான். நம் தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான். அதாவது இரண்டு முடி கனத்தில் பிரைமர், கலர், மேலே பளபளக்கும் கிளியர் கோட் எல்லாமே அடக்கம். அங்கே போய் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்தால் என்ன ஆகும்?

புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்றுதான். நம் சண்டை சின்னத்தோடு அல்ல, அதன் பின்னால் இருக்கும் பசையோடு. இப்போதைய கார்களில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் பசை தடவிய ஸ்பாஞ்சு டேப்தான் இவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளிப்பக்கமாக இழுத்தால் அந்தப் பசை பெயிண்டையும் சேர்த்து இழுக்கும். சூடு காட்டினால் இளகும்.

அம்பாசடர், பத்மினி காலத்து வண்டி என்றால் கதையே வேறு. அவற்றில் பாடியில் ஓட்டை போட்டு, நட்டும் கிளிப்பும் வைத்து மாட்டியிருப்பார்கள். எடுத்தால் ஓட்டை தெரியும், மழைத் தண்ணீர் உள்ளே போகும். டிக்கியைத் திறந்து உள்பக்கம் நட்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இனி வேலைக்கு வருவோம்.

முதலில் அந்த இடத்தை ஷாம்பூ போட்டுக் கழுவித் துடையுங்கள். ஒரு மணல் துகள் போதும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி கோடு விழும். பிறகு சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள்.

அடுத்து சூடு. வீட்டில் தலை காயவைக்கும் ஹேர் டிரையர் போதும் (வீட்டம்மாவிடம் கேட்டுவிட்டு எடுப்பது உடம்புக்கு நல்லது). ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஓரிரு நிமிஷம் ஆட்டிக்கொண்டே இருங்கள். தொட்டால் வெதுவெதுப்பைவிடக் கொஞ்சம் அதிகம், ஆனால் கை வைக்க முடிய வேண்டும். அதுதான் கணக்கு. பட்டறையில் இருக்கும் ஹீட் கன் வேண்டாம். சிலது 500 டிகிரிக்கு மேல் போகும். பிளாஸ்டிக் பம்பராக இருந்தால் நெளிந்தே போய்விடும்.

இப்போது ஆயுதம்: பல் இடுக்கைச் சுத்தம் செய்ய மெடிக்கல் ஷாப்பில் விற்கிறார்களே, அந்த ஃப்ளாஸ் நூல். தூண்டில் போடும் நைலான் நரம்பும் சரி. கையில் துணி சுற்றிக்கொண்டு, நூலை எழுத்துக்குப் பின்னால் கொடுத்து, பெயிண்டை ஒட்டினாற்போல் முன்னும் பின்னும் அறுங்கள். வெண்ணெய்க்கட்டியை நூலால் அறுக்கிற மாதிரி. நூல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மாட்டினால் முறுக்கு காட்டாதீர்கள். உள்ளே பின் இருக்கும். அதன் பின்னால் ஓட்டையும் இருக்கும். அங்கேயே நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

நீளப் பீடிங்குக்கு ஒரு முனையில் ஆரம்பித்து, சூடு காட்டிக் காட்டி, பாயைச் சுருட்டுவதுபோல் பட்டையை அதன் மேலேயே மடக்கி மெதுவாக உரியுங்கள். ஏற்கெனவே டிங்கரிங், பெயிண்டிங் பார்த்த கதவென்றால் இரட்டிப்பு ஜாக்கிரதை. மேல் பெயிண்ட் சரியாகப் பிடிக்காமல் இருந்தால் டேப்போடு தோலாக உரிந்து வரும்.

மிச்சமிருக்கும் பசையைக் கட்டை விரலால் தேய்த்தால் உருண்டை உருண்டையாக வரும். அப்படியும் போகாததுக்குக் கார் கடையில் விற்கும் தார் நீக்கி, அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். இதை நிழலில், பாடி ஆறிய பிறகு செய்யுங்கள். புது பாட்டில் என்றால் கண்ணில் படாத ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுச் சோதியுங்கள். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் கூடவே கூடாது. பெட்ரோலும் வேண்டாம், பக்கத்தில் ஒருத்தர் பீடி பற்றவைத்தால் போதும். கடைசியில் ஷாம்பூ, பாலிஷ், வாக்ஸ்.

எல்லாம் முடிந்து பார்த்தால், எழுத்து இருந்த இடத்தில் அதே எழுத்து நிழலாகத் தெரியலாம். பயப்படாதீர்கள். வெயில் படாத பெயிண்ட் புதுசாகவே இருக்கிறது, சுற்றி இருப்பது வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான். பாலிஷில் ஓரளவு சமமாகும். ரொம்ப வெளுத்த வண்டியில் முழுசாகப் போகாது.

தொடக்கூடாதவையும் உண்டு. சில புதுக் கார்களில் முன்பக்கச் சின்னத்தின் பின்னால் ரேடார் இருக்கிறது. சிலவற்றில் பின்பக்கச் சின்னமே டிக்கி திறக்கும் கைப்பிடி. மேனுவலைப் புரட்டாமல் கை வைக்காதீர்கள்.

மைத்துனன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முக்கால் மணி நேரத்தில் ஷோரூம் பெயரை எடுத்துவிட்டான். பெயிண்டில் ஒரு கோடு இல்லை. மாமனார் காரைச் சுற்றி வந்து கேட்ட ஒரே கேள்வி, "லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது, மாப்பிள்ளை?" பழைய கார் என்பதை அவனே சொன்னான். அவருடையதும் பழைய கார்தானாம்!

ருசி கண்ட பையன் அடுத்து ஒரு யோசனை சொன்னான். "மாமா, கடையில் டாப் மாடல் எழுத்து கிடைக்குது. ஒட்டிட்டா விற்கும்போது நல்ல விலை வருமே?"

நான் பி.காம். எதையும் வரவு செலவாகத்தான் பார்ப்பேன். உன் காரிலிருந்து ஒரு பெயரை எடுப்பது உன் இஷ்டம், அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. இல்லாத ஒன்றை ஒட்டி விற்றால் அது வாங்குகிறவன் தலையில் கட்டும் பொய்க் கணக்கு. ஆர்.சி.யில் மாடலைப் படிக்கத் தெரிந்த முதல் ஆளிடமே மாட்டிக்கொள்வாய்.

நூல் இருக்கட்டும், டிரையர் இருக்கட்டும், பொறுமையும் இருக்கட்டும். தோசைத் திருப்பி தோசைக்கே இருக்கட்டும்!