இரும்பைத் தேடும் வேர்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டுச் செம்மண்ணுக்கு அந்நிறத்தைக் கொடுப்பது இரும்பே. எனினும், அடியிலுள்ள சுண்ணக்கல் மேலெழுந்து மண்ணுடன் கலந்துள்ள இடங்களில், பயற்றை, கச்சான் முதலிய பயிர்கள் இரும்பின்றி வாடக்கூடும். காரத்தன்மையுள்ள மண்ணில் இரும்பு, நீரிற் கரையாத பெரிக்கு நிலையில், அதாவது துருவாக, இறுகிக் கிடப்பதே இதற்குக் காரணமாகும்.

அவ்வேளையில் வேர் வாளாவிருப்பதில்லை. பயற்றை, மிளகாய், தக்காளி, கத்தரி ஆகியவற்றின் வேர்கள் அமிலத்தைக் கசியவிட்டுத் தம்மைச் சூழ்ந்த துருவைச் சிறிது கரைக்கின்றன. பின்னர் வேரின் புறத்தோலிலுள்ள ஒரு நொதியம், பெரிக்கு இரும்பை உறிஞ்சத்தக்க பெரசு இரும்பாக மாற்றுகின்றது. இவ்வேலைக்கு வேண்டிய சத்தி முழுவதும் இலைகள் ஆக்கிய வெல்லத்திலிருந்தே செலவாகின்றது.

நெல், சோளம், குரக்கன் முதலிய புல்லினங்களின் வழி வேறு. நெல், ஓட்சு ஆகியவற்றின் வேர்களிலிருந்து கசியும் பொருள் இரும்பைக் கரைப்பதை 1976 இல் யப்பானிய அறிஞர் தக்காகி வெளியிட்டார். வேர் இப்பொருளை மெதியோனைன் என்னும் அமினோவமிலத்திலிருந்து ஆக்குகின்றது. அது மண்ணிலுள்ள இரும்பைப் பற்றிக்கொள்ள, வேர் இரண்டையும் ஒருங்கே உள்ளிழுக்கின்றது. பார்லி இதனை மிகுதியாகக் கசியவிடும். நெல்லோ மிகச் சிறிதளவே கசியவிடும். ஆதலாற் சுண்ண மண்ணில் இட்ட புழுதி நாற்றுமேடையில் நெல் நாற்று வெளிறுதல் வியப்பன்று. நீர் கட்டியதும் காற்று அற்றுப்போக, மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் இரும்பைப் பெரசு நிலைக்கு மாற்றுவதால் நாற்று மீண்டும் பசுமை பெறும். ஈரவலயத்தில் வடிகால் குன்றிய வயல்களில் நிலைமை நேர்மாறானது. அங்கு பெரசு இரும்பு மிகுந்து நெல்லிலைகள் செம்பு நிறமடைகின்றன. அவ்வயலுக்கு மேலும் இரும்பிடுதல் பெருந்தவறாகும்.

மஞ்சளித்த பயிரைக் கண்டவுடன் யூரியா இடும் வழக்கம் தோட்டங்களிற் பரவலாக உண்டு. நைதரசன் குறைந்தால் முதலில் மஞ்சளிப்பது அடியிலுள்ள முதிர்ந்த இலையே. இரும்பு குறைந்தால் குருத்திலை மஞ்சளிக்கும். அதன் நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். இவ்வேறுபாட்டை அறியாது யூரியா இட்டால், அது மண்ணில் நைத்திரேற்றாகி, வேர் அதனை உறிஞ்சும்போது வேரைச் சூழ்ந்த மண்ணின் காரத்தன்மை உயர்கின்றது. சுண்ணக்கற் கிணற்று நீரிலுள்ள இருகாபனேற்றும் வேர் கசியவிட்ட அமிலத்தை அழித்துவிடும். எனவே மஞ்சளித்த பாத்திக்கு மிகையாக இறைத்தல் வேரின் முயற்சியை வீணாக்குவதேயாகும். பாத்தியில் நீர் தேங்காதவாறு அளவோடு இறைத்து, நன்கு உக்கிய சேதனப் பசளை இடுதல் நன்று.

சுண்ண மண்ணில் இட்ட அன்னபேதி (பெரசு சல்பேற்று) விரைவில் துருவாகிவிடும். இலையில் தெளித்தலே பயன் தரும். 1 இலீற்றர் நீருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, முதலிற் சில செடிகளில் மாலை வேளையில் தெளித்து, இலை கருகவில்லையெனக் கண்டபின் ஏனையவற்றுக்குத் தெளிக்கலாம். பழைய இலையிலுள்ள இரும்பு புதிய குருத்துக்கு எளிதிற் செல்லாதாகையால், குருத்து மீண்டும் வெளிறினால் ஏறக்குறைய 10 நாள்களின் பின் திரும்பவும் தெளித்தல் வேண்டும். அன்னபேதியை வாங்கும்போது இளம்பச்சை நிறப் பளிங்குகளையே தெரிந்தெடுத்தல் வேண்டும். கபில நிறமாக மாறியவை பெரும்பாலும் துருப்பிடித்தவையே.