தலைநகரத் தடங்கள் – 14: மெக்கானிக்குகளின் அருங்காட்சியகம்

சென்ற வாரம் இந்தியா கேட் அருகே தேசியப் போர் நினைவகத்தின் கருங்கல் சுவர்களில் தமிழ்ப் பெயர்களைத் தேடிக்கொண்டிருந்தோம். இந்த வாரம் அங்கிருந்து தென்மேற்கே, டெல்லி விமான நிலையத்தை ஒட்டிய பாலம் பகுதிக்குப் போவோம்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் சுற்றுலாக் குழுக்களின் பட்டியலில் செங்கோட்டை இருக்கும், குதுப் மினார் இருக்கும், ஆக்ரா கட்டாயம் இருக்கும். பாலத்தில் 1967 முதல் இயங்கிவரும் விமானப்படை அருங்காட்சியகம் இருந்து நான் பார்த்ததில்லை. ஊருக்குத் திரும்ப விமானம் ஏறப் போகிறவர்கள் அதன் பக்கத்திலேயேதான் கடந்து போகிறார்கள்.

பழைய ஹேங்கர் ஒன்றில் விமானங்கள் இறக்கையோடு இறக்கை உரசும் நெருக்கத்தில் நிற்கின்றன. துணி போர்த்திய வாபிடி இரட்டைத்தட்டு விமானத்தில் தொடங்கலாம். 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் உருவானபோது அதனிடம் இருந்தவை 4 வாபிடிகள். அதிகாரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களோடு 19 ‘ஹவாய் சிப்பாய்கள்’, அதாவது விமானங்களைக் கழுவி, எண்ணெய் இட்டு, பழுது பார்த்துப் பறக்கவிட்டவர்கள். வரலாறு விமானிகளின் பெயர்களை நினைவில் வைத்திருக்கிறது. இந்தப் பத்தொன்பது பேரை எத்தனை பேருக்குத் தெரியும்? பாலத்தில் நிற்கும் ஒவ்வொரு விமானமும் உண்மையில் இவர்கள் வழிவந்தவர்களின் கதையைத்தான் சொல்கிறது என்பது என் எண்ணம்.

லிபரேட்டரைப் பாருங்கள். நான்கு இன்ஜின்கள், 33 மீட்டருக்கு மேல் அகலும் இறக்கை. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்கா 18,000-க்கும் மேல் கட்டிக் குவித்த குண்டுவீச்சு விமானம் இது. போர் முடிந்து பிரிட்டிஷ்காரர்கள் கிளம்பியபோது கான்பூரில் தங்களிடம் இருந்த லிபரேட்டர்களை இனி யாரும் பறக்கவிட முடியாதபடி சேதப்படுத்திப் போட்டுவிட்டுப் போனார்கள். சுதந்திரம் வந்த கையோடு காஷ்மீரில் போர். நம்மிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் பணியாளர்கள் அந்தக் குப்பைமேட்டில் இறங்கினார்கள். ஒன்றில் இருந்து சக்கரம், இன்னொன்றில் இருந்து கருவி என்று பொருத்தி, பறக்கும் அளவுக்குத் தேற்றினார்கள். நிறுவனத்தின் விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றைக் கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஓட்டி வந்தார். பாதியில் என்ன கழன்று விழும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாத பயணம் அது. இப்படிச் சுமார் நாற்பது விமானங்கள் உயிர் பெற்றன. 1948 நவம்பரில் லிபரேட்டர்களோடு ஒரு ஸ்குவாட்ரனே தொடங்கப்பட்டது.

அந்த விமானங்கள் 1968 வரை பறந்தன. செய்த நாடே எப்போதோ கைவிட்ட விமானத்தை இருபது ஆண்டுகள் ஓட்டியிருக்கிறோம். பின்னாளில் பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் தங்கள் அருங்காட்சியகங்களுக்கு லிபரேட்டர் வேண்டும் என்று தேடியபோது, கொடுக்க நம்மிடம் இருந்தது. உடைத்துப் போட்டவர்களின் தலைநகரில் இன்று நிற்பது நம் மெக்கானிக்குகள் ஒட்டவைத்த விமானம். இதைப் பள்ளிப் பாடத்தில் ஏன் வைக்கவில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

ஜப்பானின் ஓகா விமானத்தின் முன்னால் அதிக நேரம் நிற்க முடியவில்லை. சுமார் 6 மீட்டர் நீளம், மூக்கில் 1,200 கிலோ வெடிப்பொருள், நடுவே ஓர் ஆள் உட்காரும் குழி. குனிந்து அடியில் பார்த்தால் தரையிறங்கச் சக்கரமே கிடையாது. திரும்பி வருவதை வடிவமைப்பிலேயே விலக்கிய ஊர்தி அது.

அதற்கு நேர்மாறு, 1971 போரில் ஏவுகணை தாக்கிய சுகோய்-7 ஒன்றின் வால்பகுதி. தகடு வெளிப்பக்கம் பிதுங்கி, இன்ஜின் குழாயைச் சுற்றிக் கிழிந்து தொங்குகிறது. இந்த நிலையிலும் விமானி தளத்துக்குத் திரும்பிவிட்டார். வாசகங்கள் எழுதிய பலகை எதுவும் தேவைப்படாத காட்சிப்பொருள்.

சின்னஞ்சிறு நாட் விமானத்தின் பக்கத்தில் நின்றால் உயரமான ஆள் உள்ளே எட்டிப் பார்த்துவிடலாம். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் தளத்தை 6 பாகிஸ்தானிய சேபர் விமானங்கள் தாக்கியபோது, குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஓடுதளத்திலிருந்து நிர்மல்ஜித் சிங் செக்கோன் இத்தகைய நாட் ஒன்றில்தான் எழும்பினார். போரிட்டு வீழ்ந்தார். அவர் உடல் கிடைக்கவே இல்லை. விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான். அவருடைய 18-ஆவது ஸ்குவாட்ரன் மீண்டும் தொடங்கப்பட்டது எங்கே தெரியுமா? நம் கோவைக்குப் பக்கத்தில், சூலூரில். 2020 மே மாதம், நாமே உருவாக்கிய தேஜஸ் போர்விமானங்களோடு.

தேஜஸ் என்றதும் மாருத் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஜெர்மானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் உருவாகி, 1961 ஜூன் 17 அன்று முதலில் பறந்த ஜெட் போர்விமானம். 147 கட்டினோம். 1971-இல் மேற்கு முனையில் நன்றாகவே போரிட்டது; வான்சண்டையில் ஒன்றைக்கூட இழக்கவில்லை. ஆனால் அதன் உடல் கேட்ட வலுவான இன்ஜின் கடைசிவரை கிடைக்கவில்லை. கிடைத்த ஆர்ஃபியஸ் இன்ஜின்களோடு, நினைத்த வேகத்தை எட்டாமலே ஓய்வு பெற்றது. அதை வளர்த்தெடுக்கப் பாடுபட்ட சோதனை விமானி சுரஞ்சன் தாஸ் 1970 ஜனவரியில் மாருத் விபத்தில் உயிர்விட்டார்.

தேஜஸுக்காக நாம் தொடங்கிய இன்ஜினுக்குக் காவிரி என்று பெயர் வைத்தோம். ஆண்டுகள் பல ஓடியும் அந்த இன்ஜின் தேஜஸில் ஏறவில்லை. சூலூரில் எழும்பும் தேஜஸ் இன்றும் அமெரிக்க இன்ஜினோடுதான் எழும்புகிறது. பழுது பார்ப்பதில் யாருக்கும் குறையாதவர்கள் என்று லிபரேட்டரில் காட்டிவிட்டோம். இன்ஜின் செய்வதில் மாருத் காலத்துக் குறை இன்னும் தீரவில்லை.

டெல்லி வரும் பொறியியல் மாணவர்களையும் ஐ.டி.ஐ. மாணவர்களையும் அவர்களின் ஆசிரியர்கள் அரை நாள் ஒதுக்கி இங்கே அழைத்துவர வேண்டும். திங்கள், செவ்வாய் விடுமுறை. போகுமுன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் மாருத்தின் பின்புறம் போய் அந்த இரண்டு இன்ஜின் குழாய்களையும் மாணவர்களுக்குக் காட்டுங்கள்.