செஸ்னா 152: இறக்கை ஏன் எச்சரிக்கிறது?

பிளையிங் கிளப்புகளில் மாணவரும் பயிற்றுநரும் அருகருகே அமர்ந்து பறக்கும் செஸ்னா 152, 1977 முதல் 1985 வரை தயாரிக்கப்பட்ட அமெரிக்கச் சிறு விமானமாகும். மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தினால், இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்து தூக்குவிசை சரிந்துவிடும்; இதுவே ‘ஸ்டால்’ எனப்படும். இவ்விமானத்தின் இறக்கை நுனியை நோக்கிச் செல்லச்செல்லச் சற்றே கீழ்நோக்கி முறுக்கப்பட்டிருப்பதால், அடிப்பகுதியே முதலில் தூக்குவிசையை இழக்க, நுனிப்பக்கத்திலுள்ள எய்லரான்கள், அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் அசையும் தகடுகள், தொடர்ந்து கட்டுக்குள் நிற்கின்றன. அதற்கு முன்பே, இடது இறக்கையின் முன்விளிம்பிலுள்ள சிறு துளையில் காற்றழுத்தம் குறைந்து, குழாய்வழியே காற்று உறிஞ்சப்பட, ஹார்மோனியத்தில் உள்ளது போன்றதொரு ரீடு அதிர்ந்து ஒலிக்கிறது. மின்சாரமே வேண்டாத இவ்வமைப்பின் எளிமை பெரிதும் பாராட்டத்தக்கது. ஸ்டாலுக்கு 5 முதல் 10 நாட் வேகம் மீதமிருக்கும்போதே அவ்வொலி எழுவதால், மூக்கைத் தாழ்த்த மாணவருக்கு நேரம் கிடைக்கிறது.