போனில் பாடம் வந்தால் போதுமா?



கல்லூரிப் பாடம் இப்போது போனிலேயே வருகிறது. மத்திய அரசு 2017-ல் தொடங்கிய 'ஸ்வயம்' தளத்தில் பாடம் படிக்கக் கட்டணம் இல்லை. தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். பஸ் ஏறிப் போக முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு இது நல்ல வழிதான். ஆனால் பாடம் வந்தால் மட்டும் போதாது, பிள்ளைக்கு எட்டும் விதமாக வரணும்.

பார்வை இல்லாத பிள்ளைக்கு: ஆண்ட்ராய்டு போனில் 'டாக்பேக்' வசதி உண்டு. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும். கம்ப்யூட்டருக்கு 'என்.வி.டி.ஏ.' இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் புத்தகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினால் அது வெறும் படம், பெரும்பாலும் படிக்காது. ஒரு சொல்லின் மேல் விரலை அழுத்திப் பாருங்க. அந்தச் சொல் மட்டும் நிறம் மாறினால் எழுத்து, மாறலைன்னா படம். டைப் செய்த பாடமாகக் கேளுங்க.

காது கேளாத பிள்ளைக்கு: வீடியோவின் அடியில் பேச்சு எழுத்தாக ஓடணும். தானாக வரும் எழுத்தில் தப்பு இருக்கும். ஆசிரியர் திருத்தித் தரணும்.

கை வேகமாக ஓடாத பிள்ளைக்கு: ஆன்லைன் தேர்வில் நேரம் முடிந்ததும் பக்கம் மூடிக்கொள்ளும். கூடுதல் நேரத்தை முன்கூட்டியே அதில் சேர்த்து வைக்கணும்.

இதெல்லாம் சலுகை இல்லை, உரிமை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் உண்டு. சேரும் வயது வரம்பிலும் 5 ஆண்டு தளர்வு உண்டு. இணைய வசதி எல்லோருக்கும் எட்டுவது வாழும் உரிமையில் சேர்ந்தது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

நாம் என்ன செய்யணும்?

• மாற்றுத்திறனாளி அடையாள அட்டை (யு.டி.ஐ.டி.) இல்லைன்னா உடனே விண்ணப்பிக்கணும்.
• பிள்ளைக்கு என்ன தேவையோ அதைச் சேரும்போதே கல்லூரி முதல்வருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கணும்.
• பதில் இல்லைன்னா மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு அந்த நகலோடு மனு அனுப்பலாம்.

'படிப்பு ஏறலை' என்று பிள்ளையை நிறுத்துவதற்கு முன்னால், பாடம் அவளுக்கு எட்டியதா என்று பார்ப்போம். அடுத்த குழுக் கூட்டத்தில், எந்த வீட்டில் இப்படி ஒரு பிள்ளை படிப்பை விட்டிருக்கிறது என்று கேட்டுத் தீர்மான நோட்டில் எழுதுவோம். அந்த மனுவை எழுத, தெரிந்தவர் துணைக்கு இருப்போம்.