இன்ஜின் இல்லாத விமானமும் பதினாறு வயது மகளும்

சித்திரை மத்தியானத்தில் காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோபுரத்துக்கு மேலே பருந்து சிறகை அடிக்காமலே வட்டமிட்டு உயரும். சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று அதைத் தூக்குகிறது. கிளைடர் விமானிகள் தேடி அலைவதும் இந்தக் காற்றைத்தான். 'தெர்மல்' என்பார்கள். பருந்து கண்ணில் பட்டால் அதன் வட்டத்திலேயே போய்ச் சேர்ந்துகொள்வதும் உண்டு.

கிளைடருக்கு இன்ஜின் கிடையாது. மைதானத்தின் மறுகோடியில் இருக்கும் விஞ்ச் நீளமான வடத்தைச் சுருட்டி இழுக்க, அது பட்டம்போல் எழும்பும். சில நூறு மீட்டர் ஏறியதும் விமானி வடத்தைக் கழற்றிவிடுவார். தெர்மல் கிடைக்காவிட்டால் அப்புறம் இறக்கம்தான், ஆனால் சாவகாசமான இறக்கம். பயிற்சிக்குப் பல நாடுகளில் பயன்படும் ஜெர்மனியின் ஏ.எஸ்.கே. 21, காற்று அசையாத வேளையில் 1 கி.மீ. இறங்குவதற்குள் சுமார் 34 கி.மீ. முன்னே போய்விடும். பெரிய காஞ்சிபுரத்தின் மேல் விட்டால் செங்கல்பட்டு!

விமானியின் கண்ணெதிரே, கண்ணாடிக் கூண்டின் வெளிப்புறம் ஒரு துண்டு நூலை ஒட்டியிருப்பார்கள். நூல் நேராகக் கிடந்தால் விமானம் ஒழுங்காகப் போகிறது. ஒருபக்கம் ஒதுங்கினால் கோணலாகச் சறுக்குகிறது. எத்தனையோ மின்னணுக் கருவிகள் வந்தும் அந்த நூலை யாரும் எடுக்கவில்லை. நெசவு ஊர்க்காரர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

இந்தியாவிலும் கிளைடர்கள் உருவாயின. சிவில் விமானத்துறையில் எஸ். ராமாமிர்தம் வடிவமைத்த அசுவினி 1958-இல் பறந்தது, ரோகிணி 1961-இல். பரணி, கார்த்திக், மிருகசீர், ஆர்த்ரா என்று பஞ்சாங்கத்தின் முதல் ஆறு நட்சத்திரங்களும் கிளைடர்களாகிவிட்டன.

சரி, வீட்டில் மகள் ஆசைப்படுகிறாள் என்றால்? மாணவர் உரிமத்துக்கு 16 வயது நிறைய வேண்டும், மருத்துவச் சான்றும் வேண்டும். என்.சி.சி. விமானப் பிரிவு நல்ல தொடக்கம். ஆனால் அங்கே இப்போது பெரும்பாலும் இன்ஜின் உள்ள சிறுவிமானமான மைக்ரோலைட்தான். கிளைடருக்குப் பெயர்பெற்ற இடம் புனேயின் ஹடப்சர். ரயில் டிக்கெட் எடுக்கும் முன் பயிற்சி நடக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள்.

பயிற்சித் திடலில் பெரும்பாலான நேரம் தரையில்தான் கழியும். கிளைடரைத் தள்ளவேண்டும், வடத்தை மாட்டவேண்டும், இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு ஓடவேண்டும். நாள்முழுக்க வெயிலில் நின்றவள் சில நிமிடமே பறந்திருப்பாள். "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். தனியே பறக்க அனுப்புவது ஆசிரியரின் முடிவு. அவரை அவசரப்படுத்தவே கூடாது. இறங்கும்போது கணக்குத் தப்பினால் மறுபடி மேலேறிச் சுற்றிவர கிளைடரில் வழியில்லை. தொப்பியும் தண்ணீரும் தயிர்சாதமும் கொடுத்தனுப்புங்கள். "எப்போ தனியா ஓட்டுவே?" என்று மட்டும் கேட்காதீர்கள்.